ரோஜாவுக்குப் பதிலாக

மார்ச் எட்டாம் தேதி கடை திறந்ததும் சிவகுருநாதர் தன் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு ஆளுக்கொரு ரோஜா கொடுப்பார். இந்த வருஷம் பட்டுப் பிரிவில் இருக்கும் தவமணி பூவை வாங்கவில்லை.

“பூவுக்குப் பதிலா ஒரு ஸ்டூல் போடுங்க ஐயா. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நிக்கிறோம்.”

வாடிக்கையாளர் முன்னால் விற்பவர் உட்காருவது அந்தக் கடையில் மரியாதைக் குறைவு. “எங்க அப்பா முப்பது வருஷம் நின்னே வியாபாரம் பண்ணினார், தெரியுமா?” என்று சிவகுருநாதர் முதுகை நிமிர்த்தினார்.

“மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வருவாராமே ஐயா.”

மற்ற பெண்கள் சிரிப்பை மறைக்க ரோஜாவால் வாயை மூடிக்கொண்டார்கள். அவருக்குச் சுருக்கென்றது. அது உண்மைதான்.

“மகளிர் தினமும் அதுவுமா ஏம்மா வம்பு?”

“வம்புல ஆரம்பிச்ச நாள்தானே ஐயா! தையல் வேலை செஞ்ச பொம்பளைங்க வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி ஊர்வலம் போனாங்களாம். பூ கேட்டு யாரும் போகலை.”

அவர் விறுவிறுவென்று கல்லாவுக்குப் போனார். வேலை போயிற்று என்பதுபோல் தவமணி தன் பையை எடுத்துக்கொண்டாள். அவரோ தன் நாற்காலியைத் தானே தூக்கிவந்து அவள் பின்னால் போட்டார்.

“உட்காரு.”

அவள் உட்கார்ந்த நேரம், கல்யாணப் பட்டு கேட்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். தவமணி பதறி எழப்போனாள்.

“உட்காருன்னு சொன்னேன்ல.”

அவள் உட்கார்ந்தபடியே புடவையை விரித்தாள். சிவகுருநாதர் புடவையைப் பார்க்கவில்லை, தவமணியையும் பார்க்கவில்லை. வந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.