திட்டில் ஒரு வீடு

ஆற்றின் இந்தக் கரையில் எங்கள் ஊராட்சிக்காரர்கள், அந்தக் கரையில் நெதர்கோட் ஊராட்சிக்காரர்கள். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை. வெள்ளம் வந்தால் சேர்ந்து ஆளைக் காப்பாற்றுவோம் என்று குளிர்காலம் முழுக்கத் தேநீரும் கேக்குமாகப் பேசியவர்கள்தான். நடுத்திட்டில் கிழவி வின்னியின் வீடு, மாடி கிடையாது. சேற்றுத் தண்ணீர் சன்னலுக்குள் புகுந்து ஓடுகிறது. "ரெஜ், வின்னி உங்ககிட்டதானே இருக்காங்க?" எங்கள் தலைவி ஹில்டா மறுகரைத் தலைவரைப் பார்த்துக் கத்துகிறாள். "எங்ககிட்டயா? ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சுக்குத்தானேம்மா வர்றாங்க! நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்கன்னு விட்டுட்டோம்." "வரி உங்களுக்குத்தானேய்யா கட்டுறாங்க!" "நல்லாக் கிழிச்சீங்க," என்கிறேன் நான். ஹில்டா வின்னியின் பெயரைக் கூவுகிறாள். மறுகரையும் கூவுகிறது. இப்போதுதான் இரண்டு ஊராட்சியும் ஒரே குரலில் பேசுகின்றன. சன்னல் திரை தண்ணீரின் இழுப்புக்கு மட்டும் அசைகிறது.