நூற்றுப் பதினேழாம் பாட்டு

"நூத்திப் பதினேழு வேண்டாம். வேற எதை வேணும்னாலும் பாடுங்க."

அம்மா சொன்னதைக் கேட்டு, தாளும் பேனாவுமாக நின்றிருந்த பாடகர் குழு மாஸ்டருக்கு எழுதக் கை வரவில்லை. நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் பாட்டுத் தாள் அச்சாகி வந்தாக வேண்டும்.

"அக்கா, எத்தனை சாவு வீட்டுல அந்தப் பாட்டைப் பாடியிருக்கோம். அதை எழுதினவர் பெட்டி முன்னாடி பாடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அவர் எழுதினது எண்பது பாட்டு இருக்கே."

அவ்வளவுதான். அம்மா எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் அத்தை ஆரம்பித்தாள். செத்துப்போன அண்ணனுக்காகக் காலையிலிருந்து அழுதவள், இப்போது அண்ணிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபத்தி நாலு வருஷமா இதே கூத்துதான். ஆராதனையில அந்தப் பாட்டை எடுத்தா இவ எழுந்து வெளியே போயிடுவா. பெத்த பிள்ளையைப் புதைச்ச கையோட எங்கண்ணன் எழுதின பாட்டு. கேட்டா கல்லும் கரையும். இவ என்ன ஜென்மமோ."

மகளுக்கு அத்தை மேல் எரிச்சல் வந்தது. அத்தை சொன்னதில் தப்பு இல்லையே என்பதில் இன்னும் எரிச்சல். பல்கலைக்கழகத்தில் வாதம் என்று வந்தால் பேராசிரியரையே விடாதவள், சொந்த அம்மாவையா விடுவாள்? உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

தன் அண்ணனை அவள் பார்த்ததில்லை. அவன் போய் மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள். ஆனால் பாட்டின் கதை மனப்பாடம். ஆறு வயசு மகனை அடக்கம் செய்துவிட்டு வந்து, கையில் ஒட்டின மண்ணைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து அப்பா எழுதினாராம், முனகினாலும் கேட்கிற கடவுளின் செவியைப் பற்றி. போதகர் வருஷத்துக்கு நாலு தடவையாவது பிரசங்கத்தில் சொல்லுவார். பாட்டுப் புத்தகத்தில் நூற்றுப் பதினேழின் அடியில் பொடி எழுத்தில், 'சொல்லும் மெட்டும்' என்று அப்பா பேர்.

"உயிரோட இருந்தப்போதான் அவர் பாட்டைக் காதுல வாங்கல. பெட்டியில படுத்தப்புறமும் வீம்பா?"

"வீம்புன்னே வச்சுக்கோ."

"காரணம் சொல்லும்மா. நியாயமா இருந்தா ஒத்துக்கறேன். இல்லேன்னா நானே நூத்திப் பதினேழுன்னு எழுதிக் குடுத்துடுவேன். நானும் அவருக்குப் பிள்ளைதான்."

அம்மா பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்தே கொடுத்தாள்.

அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு பாட்டுக்கும் தேதி, தொடங்கின நேரம் மேலே, முடித்த நேரம் கீழே. "ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்தா பாட்டு எழுதறீங்க?" என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

நூற்றுப் பதினேழுக்கு மேலே பன்னிரண்டாம் தேதி, காலை 10.05. கீழே 11.40.

பன்னிரண்டு, அண்ணனின் கல்லறையில் செதுக்கியிருக்கிற தேதி. அடக்கம் நடந்தது மறுநாள்.

"இது அவன் செத்த அன்னைக்கு எழுதினதா?"

"ஆமா. காய்ச்சல்ல பக்கத்து ரூம்ல படுத்திருந்தான். பாட்டை முடிச்சுட்டுப் போய்ப் பார்த்தப்போ உடம்பு சில்லுனு இருந்தது."



"ஒன்றரை மணி நேரம். பிள்ளை சாகக் கிடக்கு, இவர் வரி தேடிட்டு இருந்திருக்கார். அப்புறம் கையில மண்ணு, கழுவலன்னு கதை வேற. இந்தக் கதையைக் கட்டுரையா எழுதி நான் ஸ்கூல்ல பரிசு வாங்கியிருக்கேன்மா."

"மெதுவா பேசு."

"ஏன் மெதுவா? போதகர் கூடத்துலதான் இருக்கார். நோட்டைக் கொண்டுபோய் விரிச்சு வைக்கறேன். எல்லாரும் படிக்கட்டும்."

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"உங்கப்பா பியானோ வாசிச்சு நீ பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. அவள் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் பியானோவே இருந்ததில்லை.

"ஒரு சுரம் தெரியாது அவருக்கு. சொல்லு மட்டும்தான் அவரோடது. அன்னைக்குப் பியானோ முன்னாடி உக்காந்திருந்தது நான்."

தாழ்ப்பாளிலிருந்து கை தானாக இறங்கியது.

"மூணாவது அடிக்கு மெட்டு பிடி கொடுக்கல. பையனைப் பார்த்துட்டு வர்றேன்னு அவர் எழுந்தார். மெட்டு வர்ற நேரத்துல போகாதீங்க, இந்த அடி முடியட்டும்னேன். கதவைச் சாத்தினதும் நான்தான். கூப்பிட்டானோ என்னவோ, அந்தச் சத்தத்துல எங்க கேட்கும்?"

அம்மா அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"புத்தகத்துல என் பேர் வேண்டாம்னேன். மெட்டுக்கும் தன் பேரையே போட்டுக்கிட்டார். அடக்கத்துக்கு அப்புறம் எழுதினேன்னு சொன்னதும் எனக்காகத்தான். அன்னைக்கு எழுதினதுன்னு தெரிஞ்சா, அந்த நேரத்துல பெத்த தாய் எங்க இருந்தான்னு அடுத்த கேள்வி வருமாம்."

வெளியே கதவு தட்டப்பட்டது. மாஸ்டர்.

"பாப்பா, அச்சகத்து ஆள் வந்து நிக்கறார். அம்மா என்ன சொல்றாங்க?"

மகள் நோட்டை மூடினாள். துணிகளுக்கு அடியில் வைத்து, பீரோவைச் சாத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அத்தை மட்டும், அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று முன்பே தெரிந்தவள்போல் உதட்டைப் பிதுக்கினாள்.

"அம்மா சரின்னுட்டாங்க மாமா," என்றாள் மகள், எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்குத்தான் அந்தப் பாட்டு பிடிக்காது. வேற போடுங்க."