கட்டிலடியில் காப்பி

டிரையரில் துணி காயவில்லை என்று ஜெசிந்தா கூப்பிட்ட மெக்கானிக் அன்வர், காற்றுக்குழாய்க்குள் கைவிட்டுப் பழுப்பாக ஒரு பஞ்சுப் பந்தை உருவினான். "பூரா நாய் முடி அக்கா, அடைச்சுக்கிச்சு. வீட்ல நாய் இருக்கா?"

அவளுடைய நாய் காப்பி செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. "இருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது.

"ஐயய்யோ, கடிக்குமா?"

"காப்பியா? சேச்சே. புது ஆளுன்னா கட்டிலுக்கு அடியில போய்ப் பதுங்கிக்கும்."

அதன் பிறகு அவன் ஸ்க்ரூவைக்கூடச் சத்தமில்லாமல் முடுக்கினான். டிரையர் சரியாகிவிட்டது. குப்பையில் போடப் போன பஞ்சை அவள் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டியவன், உள்ளறையில் தெரிந்த கட்டில் பக்கம் குனிந்து பார்த்தான். "டேய் காப்பி, நான் கிளம்பிட்டேன். வெளிய வாடா."

பஞ்சைப் பொத்திப் பிடித்தபடி ஜெசிந்தாவும் கட்டிலடியையே பார்த்தாள்.