கோட்டை வாசலுக்கு உள்ளே

ஒரு மலையுச்சியில் பழைய ஊர் ஒன்று இருந்தது. ரோமானியர்கள் கட்டிய அரங்கம் ஒன்றும், பல நூற்றாண்டு கழித்து அதைச் சுற்றி யாரோ ஓர் அரசன் எழுப்பிய கோட்டையும் அங்கே இருந்தன. பார்க்க வருகிறவர்களின் பெட்டிகளை ஒரு கழுதை அடிவாரத்திலிருந்து கோட்டை வாசல்வரை சுமந்து வரும். வாசலைத் தாண்டி அது போனதே இல்லை.

ஒருநாள் பெட்டிகளை இறக்கிய பிறகும் கழுதை திரும்பவில்லை.

"நானும் உள்ளே போய்ப் பார்க்கப் போகிறேன்" என்றது.

வாசலில் படுத்திருந்த பூனை கண்ணைத் திறக்காமலே சொன்னது: "நான் பிறந்ததே அந்த அரங்கத்தில்தான். எல்லாம் வெறும் கல். உன் முதலாளி பார்த்தால் தோலை உரித்துவிடுவான்."

"உரித்தால் உரிக்கட்டும்."

கழுதை உள்ளே நுழைந்தது. தேய்ந்த படிகளில் குளம்பு வழுக்கி, முட்டி சிராய்த்தது. அது நிற்கவில்லை. வேடிக்கை பார்க்கப் பூனையும் பின்னாலேயே வந்தது.

அரங்கத்தின் நடுவே போய் நின்று, சுற்றிலும் அடுக்கடுக்காக ஏறிய கல்வரிசைகளைக் கழுதை அண்ணாந்து பார்த்தது. சந்தோஷம் தாங்காமல் கத்தியது. அந்தக் குரல் கடைசி வரிசைவரை ஏறி, இன்னும் பெரிதாகித் திரும்பி வந்தது.

பூனை துள்ளி விழுந்தது. "யார் அது?"

"நான்தான். அப்படிக் கட்டியிருக்கிறார்கள்."

வெளியே முதலாளி கோபமாகக் கூப்பிட்டான். கழுதை நிதானமாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டே கிளம்பியது.

அது போனதும் பூனை நடுவில் வந்து நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெல்ல "மியாவ்" என்றது.