கேட்கிற பக்கம்

"தலையக் குனிஞ்சு உக்காருடி, காலை ஆட்டாதே" என்று மகளின் காதைக் கடித்தாள் கன்னியம்மா.

நாகவல்லிக்குக் கால் நிற்கவில்லை. இதற்கு முன் மூன்று மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பதிலே போடாமல் விட்டார்கள். ஆனால் ரகுநாதன், ஆவடி ரயிலில் தினமும் எதிரில் உட்கார்ந்து வருகிறவன். அவனை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

"பி.எஸ்சி. கணக்காமே? அதுல இன்னாம்மா கீது?" என்றார் ரகுநாதனின் அப்பா பக்தவத்சலம்.

"கல்யாணமே கீது மாமா. அறுபத்திரண்டுல அமெரிக்காவுல ரெண்டு பேரு கணக்குப் போட்டுக் காமிச்சிட்டாங்க. போய்க் கேக்கற பக்கத்துக்குத்தான் இருக்கறதுல நல்ல ஜோடி அமையுமாம். கேப்பாங்கன்னு குந்திக்கினு கீறவங்களுக்கு இல்லியாம்."

பக்தவத்சலம் பெருமூச்சு விட்டார். "டேய் நைனா, காப்பி எடுத்தா!"

ரகுநாதன் காப்பித் தட்டோடு வந்தான். கொரட்டூரில் அவன் வீட்டுக்கே, அம்மாவை இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தாள் நாகவல்லி.

"என் லிஸ்ட்டுல மொதப் பேரு உங்களுது. புடிக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த ஊடு கோவில்பதாகையில கீது" என்றாள்.

தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல், "அங்க போவாதீங்க" என்றான் ரகுநாதன்.