புகாரே வராத வாரம்

ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் மெயில் சர்வரையும் கட்டி மேய்க்கிற அட்மினுக்கு வேலை நிரந்தரமாக ஒரே நிபந்தனை: ஒரு வாரம் புகாரே வரக்கூடாது. புகாரை மெயிலில்தான் அனுப்ப வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம்.

திங்கட்கிழமையே டைப்பிஸ்ட் அக்கா வந்தார். "தம்பி, என் கம்ப்யூட்டர்ல..."

"வாயால சொன்னா செல்லாதுக்கா. மெயில் போடுங்க."

ஸ்டோர் கீப்பருக்கும் அதே பதில்தான்.

சனிக்கிழமை மேனேஜர் புகார் மெயில் பெட்டியைத் திறந்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் காலி.

"கெட்டிக்காரன்யா நீ!" என்று நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சார், திங்கக்கிழமையிலேர்ந்து இந்த ஆபீஸ்ல ஒரு மெயில்கூடப் போகலை சார்!"

மேனேஜர் முகம் சுளித்தார். "அதுக்கு ஏம்மா கத்துறே? முறைப்படி மெயில்ல ஒரு புகார் அனுப்பு."