ஏழாம் குழாய்

"இந்தக் கைக்குத் தப்பிச்ச கிருமி இன்னும் பொறக்கல!" என்று மொன்டானா ஆய்வுக்கூடத்தில் கோல்பி அறிவித்தான். உதட்டில் நான்கு தையல், பேச்சில் கொஞ்சம் காற்று. முந்தாநாள் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியில், அதே கூடத்தில் வேலை பார்த்து அதே அணியில் ஆடும் சிக்னி விட்ட குத்து. சாப்பிட்டதும் அவள் பல்லிடுக்கில் நூல் விடுவதைப் பார்த்து, "வாய்க்குள்ள தையல் கிளாஸா?" என்று கேட்டிருந்தான்.

சிக்னி ஏழு என்று எண் ஒட்டிய கண்ணாடிக் குழாயை நீட்டினாள். "நீ அலசின பிறகும் இதுல கிருமிப் படலம் ஒட்டியிருந்தா சனிக்கிழமை ஃபைனல்ல நீ ஆடக் கூடாது. இல்லன்னா நான் ஆடல."

"உன் இடத்துக்கு வேற ஆள் பாத்துக்கோ!"

மூன்று முறை நீரில் அலசி, ஊதாச் சாயம் ஊற்றி, மறுபடி அலசினான். படலம் இருந்தால்தான் சாயம் நிற்கும். நின்றது, கெட்டியான வளையமாக.

பிரஷால் குத்தினான். போகவில்லை. வெறி ஏறிக் குழாயை மேசையில் அறைந்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. சில்லுகளிலும் ஊதா அப்படியே இருந்தது.

"எந்தச் சாக்கடையில அள்ளினே இந்த எழவை?"

சிக்னி கட்டுத்துணியை எடுத்துக் கொடுத்தாள். "சாக்கடை இல்லப்பா. அன்னைக்கு என் கையுறையில குத்தி நின்னுச்சே உன் முன்பல்லு, அதைச் சுரண்டி வளர்த்தேன்."

சனிக்கிழமை இரண்டு அணிகளும் பனித்தரையில் உருண்டு அடித்துக்கொண்டன. சிக்னி ஒருத்தனைப் பக்கச் சுவரோடு சேர்த்து நசுக்கினாள். "கொல்லு!" என்று அரங்கமே எழுந்து நின்று கத்தியது.

கோல்பி மட்டும் கடைசி வரிசையில் எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையால் மிச்சப் பற்களுக்கு நூல் விட்டுக்கொண்டிருந்தான்.